காமாட்சியின் பெயருக்கு நான் சொன்ன பதில்

தம்பி,

நேற்று போனில் நீ இரண்டு கேள்வி கேட்டாய். கல்யாண அட்டையில் போட அம்மாவின் பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்பது ஒன்று. கல்யாணம் முடிந்த கையோடு பதுளைக்கு வந்துவிட எப்போது சாமான் கட்டப்போகிறீர்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். "சரிம்மா, விடுங்க, ஒங்களுக்கு எப்பவும் இப்பிடித்தான்" என்று வைத்துவிட்டாய். நீ கோபப்பட்டது நியாயம்தான். போனில் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கிறேன். நீ பள்ளிக்கூடம் போன காலத்துக் கொப்பி ஒன்றில் பின்பக்கம் நிறைய காலியாக இருந்தது, அதில்தான் எழுதுகிறேன். மணி இரண்டுகூட ஆகவில்லை, பனிமூட்டம் தண்ணீர்ப் பீலி வரைக்கும் ஏறி வந்துவிட்டது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது, பீலியைக் காணவில்லை.

நீ இங்கிலீஷ் வாத்தியார். நான் எட்டாம் வகுப்போடு தேயிலை மலையில் கூடை மாட்டினவள். பிழை கண்ட இடத்தில் எல்லாம் சிவப்பு மையால் வட்டம் போட்டுக்கொண்டு உட்காராதே. கடைசி வரைக்கும் படி. படித்து முடித்த பிறகும் நீ என்னை அம்மா என்று கூப்பிடுவாயா என்பது எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயத்தில்தான் முப்பது வருசமாகச் சொல்லாமல் இருந்தேன். இப்போதும் பயம் போய்விடவில்லை, ஆனால் அட்டை அச்சுக்குப் போகிறது.

வெலிமடையில் பரிசம் போட்ட அன்றைக்கு சுபா வீட்டு முற்றத்தில் எழுந்து நின்று பேசினாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. லீக்ஸ் மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். நீ கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்கிற மாதிரியே நின்றுகொண்டு சொன்னாய்: "என்னையப் பெத்தவங்க காமாட்சி. நான் எட்டு மாசப் புள்ளையா இருக்கையில மலையில விழுந்து செத்துப்போனாங்க. இந்தா ஒக்காந்திருக்காங்களே, இவங்களுக்கு என்னைய வளக்கணும்னு ஒரு கடமையும் இல்ல. பக்கத்துக் காம்பராவுல இருந்தவங்க, அவ்வளவுதான். ஆனாலும் வளத்தாங்க." எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் கையிலிருந்த தேத்தண்ணி சேலையில் கொட்டியது. சந்தோசத்தில் கை தவறிவிட்டது என்று நினைத்து சுபாவின் அம்மா முந்தானையால் துடைத்துவிட்டார். மகராசி என்று வேறு சொன்னார்.

கடமை இல்லை என்று நீ சொன்ன இடத்தில் நான் எழுந்து நின்று நிறுத்தியிருக்க வேண்டும். எழும்பவில்லை. கடமைக்கு ஒரு பழைய இங்கிலீஷ் சொல் இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான், ஞாபகம் இருக்கிறதா? நீ வாத்தியார் படிப்புக்குப் போன முதல் வருசம், லீவில் வந்து வாசற்படியில் உட்கார்ந்து அந்தத் தடித்த அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தாய். "அம்மா, மேட்டுக்கல்லுல இருக்கிற சொல்லக் கண்டுபுடிச்சிட்டேன்" என்று அடுப்படிக்கே ஓடி வந்தாய். பவுண்டன். பைண்ட் என்றால் கட்டுவது. கட்டப்பட்டதை இந்தக் காலத்தில் பவுண்ட் என்று சொல்வார்கள், அதற்கும் முந்தின வடிவம் பவுண்டன் என்றாய். குடிகாரனைச் சொல்கிற டிரங்கன் போல அதுவும் பழைய வால் அறாத சொல்லாம். ஆரம்பத்தில் கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டிப்போட்ட ஆளைத்தான் அப்படிச் சொன்னார்களாம். பிறகு ஒருவர் செய்த நன்மைக்குக் கட்டுப்பட்டவனைச் சொன்னார்களாம். அதற்கும் பிறகு, செய்தே தீரவேண்டிய காரியத்துக்கு ஆகிவந்ததாம். மற்ற இடத்தில் எல்லாம் புதுச்சொல் வந்துவிட்டது, டியூட்டி என்கிற ஒரே சொல்லோடு மட்டும் அது ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, தனியாக யாரும் இப்போது சொல்வதில்லை என்றாய்.

"யாரு கட்டுனதுன்னு சொல்லுதா அந்தச் சொல்லு?" என்று நான் கேட்டேன்.

"இல்லம்மா. கட்டுப்பட்டு இருக்குன்னு மட்டுந்தான் சொல்லுது. கட்டுனவன் யாருன்னு அதுல இல்ல" என்று நீ சிரித்தாய். அம்மாவுக்கும் இலக்கணம் வருகிறதே என்று கேலி வேறு. நான் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். அன்றைக்குச் சோறு அடிப்பிடித்துப் போனது உனக்கு நினைவிருக்கலாம்.

மேட்டுக்கல் உனக்குத் தெரியும், ஆனால் அங்கே என்ன செய்வோம் என்று நீ நின்று பார்த்ததில்லை. நாலாம் நம்பர் மலையின் உச்சியில், அப்புத்தளை ரோட்டுக்கு மேலே, கொஸ்லந்தைப் பக்கம் சரிகிற இடத்தில் நிற்கிற இடுப்புயரக் கல். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை யாருக்கோ நட்டது. மேலே நாலைந்து வரி வெட்டியிருந்ததாம். மழை தின்று, பாசி தின்று, அந்த ஒரு சொல்தான் மிச்சம். நமக்கு அது எழுத்தாகவே தெரியாது, மஞ்சள் பூசி சூடம் கொளுத்துகிற கல், அவ்வளவுதான். அதற்கு அந்தப் பக்கம் கிடங்கு, அடி தெரியாத பள்ளம். மூட்டம் இறங்கினால் கையை நீட்டினால் கை தெரியாது. அதனால் நம் தோட்டத்தில் ஒரு வழக்கம். மூட்டம் விழுந்த நாளில் யாரும் தானாக மலையை விட்டு இறங்கக் கூடாது. கங்காணி கல்லில் கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட ஆள் இருந்த இடத்திலிருந்தே "இருக்கேங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் எல்லோரும் நிற்க வேண்டும், தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் கொழுந்து நிறுக்க இறங்கலாம். ஆள் முகம் பார்த்து எண்ண முடியாத இடத்தில் குரலைத்தான் எண்ண முடியும்.

காமாட்சியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். கருப்பு, நெட்டை, வாய்த்துடுக்கு. உன்னைப் பெற்ற அப்பா நீ வயிற்றில் இருக்கும்போதே கொழும்புக்கு வேலைக்கென்று போனவர், போனவர்தான். அவள் அழுது நான் பார்த்ததில்லை. "போனவன் போனான், அவன் சட்டைய வெட்டி புள்ளைக்குத் துணி தச்சிட்டேன்" என்பாள். லயத்து வரிசையில் அவள் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவரில் தட்டினால் உப்பு கேட்கிறாள் என்று அர்த்தம், இரண்டு தட்டு தட்டினால் வந்து பேசு என்று அர்த்தம். எனக்குக் கல்யாணமாகி நாலு வருசம், பிள்ளை இல்லை. உன்னை அவள் என் மடியில் போட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவாள். இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் நிஜம்.

சொல்லாமல் விட்டது இது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்போம், உனக்குத் தெரியும். முழுநாளும் மலையில் நின்றால் ஒரு பேர், முன்னாலேயே இறங்கினால் அரைப்பேர். காமாட்சி பால் கொடுக்கிறவள். சாயங்காலம் ஆனால் அவளுக்குப் பால் கட்டிக்கொள்ளும், ரவிக்கை நனைந்துபோகும். கங்காணியின் கண்ணில் படாமல் நழுவி, மேட்டுக்கல்லுக்குக் கீழே போகிற குறுக்குப்பாதையில் இறங்கி, வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவைக்கிற புள்ளக்காம்பராவுக்கு ஓடிப்போய் உனக்குக் கொடுப்பாள். அந்த மாதிரி நாளில் மூட்டமும் சேர்ந்து விழுந்தால் அவள் பெயருக்கு நான் குரல் கொடுப்பேன். என் பெயருக்கு என் குரல். அவள் பெயருக்கு, மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, கொஞ்சம் இழுத்து இன்னொரு குரல். நாங்கள் மட்டும் செய்த களவு இல்லை, மலையில் பாதிப்பேர் செய்தது. ஆனால் என்னுடைய குரல்தான் அச்சாக அவளுடையதாக இருக்கிறது என்று காமாட்சியே சிரிப்பாள். எனக்கு அதில் பெருமைகூட.

அன்றைக்கு மூன்று மணிக்கே மூட்டம் வந்துவிட்டது. காமாட்சி தன் கொழுந்துச் சாக்கை என் காலடியில் வைத்தாள். "ஏய், பாலு கட்டி நெஞ்சு கல்லாட்டம் இருக்குடி. புள்ளைக்குக் குடுத்துட்டு வாறேன். பேரு கூப்புட்டா சொல்லிரு" என்றாள். "நாளைக்கு நீ எனக்கு ரொட்டி சுட்டுத் தரணும்" என்றேன். "சுட்டுத் தாறேன், போடி" என்றாள். இரண்டு அடி வைத்தாள், மூட்டத்துக்குள் போய்விட்டாள். அவள் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். அரை மணி நேரத்துக்குப் பிறகு கருப்பையா கங்காணி கல்லடியில் நின்று பெயர் கூப்பிட்டார். என் பெயர் வந்தது, இருக்கேங்க என்றேன். காமாட்சி என்றார். மூக்கை அடைத்துக்கொண்டு, இருக்கேங்க என்றேன். "சரி, குரலு சரியா இருக்கு, எல்லாரும் எறங்குங்க" என்றார் அவர். இறங்கினோம். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அவள் சாக்கையும் நானே நிறுத்தேன், புள்ளைக்குப் பால் கொடுக்க இப்போதுதான் ஓடினாள் என்றேன்.

இதோடு நின்றிருந்தால்கூட உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன். அஞ்சு மணிக்கு, இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, புள்ளக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கிற அம்மா உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தார். "காமாட்சி இன்னும் வரலயே, இவன் பசியில கத்துறான்" என்றார். அவள் மூட்டம் விழுந்ததுமே இறங்கினவள், போய்ச் சேரவில்லை என்றால் பாதையில்தான் இருக்கிறாள். அது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நிமிசத்தில் ஓடிப்போய் கங்காணியிடம், பதில் சொன்னது நான்தான் என்று சொல்லியிருந்தால் பத்துப்பேர் சூள் பந்தம் கொளுத்திக்கொண்டு ஏறியிருப்பார்கள். போன மாதம்தான் பொய்க்குரல் கொடுத்த ஒருத்தியை ஒரு கிழமை வேலைக்கு வராதே என்று நிறுத்தியிருந்தார்கள். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் நிற்கவைத்துப் பேசினார்கள். அது என் கண்முன் வந்தது. "கொஸ்லந்தையில அவ அத்த வீட்டுக்குப் போறேன்னா, பஸ் கெடச்சிருக்காது" என்று சொல்லிவிட்டு உன்னைக் கையில் வாங்கிக்கொண்டேன். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. நான் உனக்குக் கஞ்சித் தண்ணி ஊட்டினேன். நீ குடித்தாய்.

மறுநாள் விடிந்து, மூட்டம் விலகிய பிறகு செடி வெட்டுகிற கவ்வாத்து வேலைக்குப் போன ஆட்கள் பார்த்தார்கள். மேட்டுக்கல்லிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை, அதற்கும் குறைவு. பாதை அரித்திருந்த இடத்தில் சறுக்கி, கிடங்கின் விளிம்பில் ஒரு சவுக்கு மரத்தில் தட்டி நின்றிருக்கிறாள். கால் முறிந்திருந்தது. இன்னும் சரிந்துவிடாமல் இருக்க, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டுகிற கயிற்றை அவிழ்த்து, மரத்தோடு தன்னைச் சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள். தேடி வருவார்கள் என்று கட்டியிருக்கிறாள். கயிற்றை அவிழ்க்க முடியவில்லை, மழையில் ஊறி இறுகிப்போயிருந்தது, அறுத்துத்தான் எடுத்தார்கள். எல்லோரும், குரல் கொடுத்துவிட்டு அவசரத்தில் குறுக்கே இறங்கி விழுந்திருக்கிறாள், விதி என்றார்கள். கருப்பையா கங்காணி தலையில் அடித்துக்கொண்டார். "நான் கூப்புட்டேனே, நல்லா இருக்கேன்னு சொன்னாளே" என்று அழுதார். நான் அவர் பக்கத்தில் உன்னை வைத்துக்கொண்டு நின்றேன்.

தம்பி, நீ வாத்தியார், கணக்குப் போட்டுப் பார். அத்தனை கிட்டத்தில் கிடந்தவளுக்குக் கங்காணி கூப்பிட்டது கேட்டிருக்கும். தன் பெயரைக் கூப்பிட்டது கேட்டிருக்கும். இருக்கிற மூச்சை எல்லாம் கூட்டி அவளும் குரல் கொடுத்திருப்பாள். அதே நேரத்தில் அவள் குரலிலேயே மேலேயிருந்து நான் சொன்ன பதிலும் அவளுக்குக் கேட்டிருக்கும். எல்லோரும் இறங்குங்க என்று சொன்னதும், காலடிச் சத்தம் தேய்ந்து போனதும் கேட்டிருக்கும். இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் விளக்கு வைத்ததில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்த சாயங்காலம் சூடமும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டு தனியாகக் கல்லுக்குப் போனேன். காலடியில் விழுந்து மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மூட்டம் ஏறியது. என்ன தோன்றியதோ, கல்லில் கையை வைத்துக்கொண்டு காமாட்சி என்று கூப்பிட்டேன். "இருக்கேங்க" என்று பதில் வந்தது. கீழேயிருந்து வரவில்லை. மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் நிற்கிற பக்கத்திலிருந்து, நான் அன்றைக்கு நின்ற அதே செடி நிரையிலிருந்து வந்தது. மூக்கை அடைத்த குரல், கடைசியில் கொஞ்சம் இழுவை. எனக்கு அந்தக் குரல் தெரியாதா? அது காமாட்சி இல்லை. நான்தான். இருபத்திரண்டு வயசு நான், மூட்டத்துக்குள் நின்றுகொண்டு இன்னும் அவளுக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச நாளில் மற்றவர்களுக்கும் கேட்கத் தொடங்கியது. மூட்டத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்த பிறகு ஒரு குரல் அதிகமாக வரும். "காமாட்சி இன்னும் பெரட்டுக்கு வாறா" என்று பேசிக்கொண்டார்கள். கருப்பையா கங்காணி இரண்டு தடவை அந்தக் குரலைக் கேட்டார், மூன்றாம் தடவை கல்லடியிலேயே உட்கார்ந்துவிட்டார், அதன் பிறகு வேலைக்கே வரவில்லை. பூசாரி வந்து எலுமிச்சம்பழம் அறுத்தார். செத்தவளை அடக்கத்தான் அவருக்கு மந்திரம் தெரியும், உயிரோடு லயத்தில் இருக்கிறவளின் குரலை அவர் என்ன செய்வார்? அப்போதிருந்து மூட்டம் விழுகிற ஒவ்வொரு சாயங்காலமும் நான் போகிறேன். ஒரு தடவை கூப்பிடுவேன், பதில் வரும், அது நான்தான் என்று ஒத்துக்கொண்டு திரும்பி வருவேன். நான் போனால் மற்றவர்களுக்குக் கேட்பதில்லை. போகாத நாளில் கேட்கிறது. உன்னை வளர்த்த உங்கப்பா, செத்துப்போன என் வீட்டுக்காரர், ஒரே ஒரு தடவை, எங்கே போகிறாய் என்று கேட்டார். கல்லுக்கு என்றேன். டோர்ச்சை எடுத்துக் கையில் கொடுத்தார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுசன்.

உனக்கு அஞ்சு வயசில் ஒரு நாள் உன்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். நீ கல்லில் இருந்த எழுத்தை விரலால் தடவி, இது என்னம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் கூப்பிட்டேன், பதில் வந்தது. நீ எழுத்தை விட்டுவிட்டு நிரைப் பக்கம் திரும்பினாய். "அம்மா, அங்க இருந்து ஏன் பேசுறீங்க?" என்றாய். என் கையைப் பிடித்துக்கொண்டே அங்கே பார்த்துச் சொன்னாய். உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன், மூன்று நாள் உனக்குக் காய்ச்சல். பிறகு அதை நீ மறந்துவிட்டாய். எழுத்தை மட்டும் மறக்கவில்லை, வருசக்கணக்காக நச்சரித்தாய், நான் எரிந்து விழுந்தேன். அந்தச் சொல்லுக்காகத்தான் நீ இங்கிலீஷே படித்தாய் என்று நான் நினைப்பதுண்டு.

நீ கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். அப்படியென்றால் என்னைப் பாவத்துக்குப் பயந்துதான் வளர்த்தீர்களா என்று கேட்பாய். முதலில் அப்படித்தான், மறைக்கவில்லை. உன்னைக் கையில் எடுத்தபோது அது தண்டனை மாதிரிதான் இருந்தது. பதினோராம் மாதம், கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று முதல் தடவையாக அம்மா என்றாய். என்னய்யா என்று வாய் முந்திக்கொண்டது. சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். அவளைக் கூப்பிட்டதற்கு இன்னொரு தடவையும் நான் பதில் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அழுத மாதிரி அவள் செத்த அன்றைக்கும் நான் அழவில்லை. ஆனால் நீ மறுபடியும் கூப்பிட்டாய், மறுபடியும் என்னய்யா என்றேன். உனக்கு அம்மை போட்டுப் பதினைந்து நாள் வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தேனே, அந்தப் பதினைந்து நாளும் காமாட்சி எனக்கு நினைவுக்கே வரவில்லை. நீ பிழைக்க வேண்டும், அது ஒன்றுதான். தலைக்குத் தண்ணீர் ஊற்றின அன்றைக்குத்தான் அவள் ஞாபகம் வந்தது. பதறிப்போய்க் கல்லுக்கு ஓடினேன். கட்டினது எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும் தம்பி, அவிழ்த்துவிட்டாலும் போகிற மாடாக நான் இருக்கவில்லை. உன் மேல் எனக்கு உயிர். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை, சொல்ல உரிமை இருக்கிறதா என்று தெரியாததால்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப்போகிற பிள்ளைக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது ஒன்றுதான். சுபாவுக்காக நீ பதில் சொல்லாதே. பரிசத்தன்றே பார்த்தேன், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவாயா என்று அவளைத்தான் கேட்டார்கள், "போவா, போவா" என்று நீ முந்திக்கொண்டாய். ஆசையில்தான் சொன்னாய். நானும் ஆசையில்தான் காமாட்சிக்குக் குரல் கொடுத்தேன். அவளைக் கூப்பிட்டால் அவள் குரல் வரட்டும். வரும் வரைக்கும் பொறு. வரவில்லை என்றால், இங்கேதான் இருப்பாள், நன்றாகத்தான் இருப்பாள் என்று உட்கார்ந்திருக்காதே. எழுந்து போய்ப் பார்.

போன கிழமை மூட்டத்தில் போனேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். கூப்பிட்டேன். நிரையிலிருந்து வழக்கமான பதில் வந்தது. எனக்கு அம்பது தாண்டிவிட்டது, அங்கே நின்று பதில் சொல்கிறவளுக்கு இன்னும் இருபத்திரண்டுதான். திரும்பி நாலு அடி வைத்தேன், அப்போது இன்னொரு சத்தம் கேட்டது. இந்த முப்பது வருசத்தில் கேட்காதது. நிரைப் பக்கம் இல்லை, கீழே, சவுக்கு மரத்துப் பக்கம். வார்த்தை இல்லை. பேச வாயெடுத்து, கூப்பிட்டது தன்னைத்தானா என்று தெரியாமல் நிறுத்திக்கொள்கிற மாதிரி. ஈரக் கயிறு மரத்தில் உராய்கிற சத்தமும் கேட்டது. நான் மறுபடியும் காமாட்சி என்றேன். உடனே நிரையிலிருந்து இருக்கேங்க என்று வந்தது, கீழே இருந்தது அடங்கிவிட்டது. எத்தனை தடவை கூப்பிட்டாலும் அந்தப் பொய் முந்திக்கொள்கிறது. பெரட்டுப் பெயரைக் கூப்பிட்டால் அதற்குப் பதில் சொல்ல அங்கே நான் இருக்கிறேன்.

வந்து படுத்து யோசித்தேன். அவள் எதற்கு இறங்கி ஓடினாள்? பெயருக்கா? உனக்குப் பால் கொடுக்கத்தானே. அவள் போனபோது உனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா என்று உன் வாயால் ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை. அந்த மலையில் அந்தப் பெயரால் அவளை யாருமே கூப்பிட்டதில்லை.

இப்போது உன் இரண்டு கேள்விக்கும் பதில். அட்டையில் காமாட்சியின் மகன் என்று போடு. எழுத்து உனக்குத் தெரியும். என் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம், இதைப் படித்த பிறகு யோசித்து முடிவு பண்ணு. பதுளைக்கு நான் வருவதும் உன் இஷ்டம்தான், ஆனால் அதற்கு முன்னால் நீ ஒரு தடவை வர வேண்டும். மத்தியான பஸ்ஸில் வந்தால் மூட்டம் ஏறுவதற்குள் கல்லுக்குப் போய்விடலாம். சுபாவிடம் சொல்லிவிட்டு வா. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் வழியெல்லாம் பேசாமல் வா, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். கல்லில் கை வைத்து, கீழே சவுக்கு மரத்துப் பக்கம் பார்த்துக் கூப்பிடு. பெயர் சொல்லாதே. அம்மா என்று கூப்பிடு.

கூப்பிட்ட உடனே திரும்பிவிடாதே, கொஞ்ச நேரம் நில். நீ அம்மா என்று கூப்பிட்டால் முப்பது வருசமாகப் பதில் சொல்லிப் பழகின வாய் என்னுடையது. நான் உன் பக்கத்தில்தான் நிற்பேன். வாய் திறக்க மாட்டேன்.